வீட்டுக் கார் ஷெட்டுக்குத் தாழ்வான ட்ராலி ஜாக்கி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் எங்கள் வீட்டுப் போர்டிகோவில்தான் பல வருடங்களாகக் காரின் சின்ன வேலைகளை நானே பார்த்துக்கொள்கிறேன். ஆயில் மாற்றுவது, பிரேக் பேடு பார்ப்பது, டயர்களை முன்பின் மாற்றிப் போடுவது, இவ்வளவுதான். தெருவிலும் சொந்தத்திலும் யாராவது ஜாக்கி வாங்கக் கிளம்பினால் என்னிடம் ஒரு வார்த்தை கேட்பார்கள். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளையும் என் பதில்களையும் இங்கே எழுதுகிறேன். கடையில் "எத்தனை டன் வேணும்?" என்றுதான் முதலில் கேட்பார்கள். உங்கள் காருக்கு அடியில் எவ்வளவு இடம் இருக்கிறது, உங்கள் வீட்டுத் தரை எப்படி என்ற இரண்டும்தான் அதைவிட முக்கியம். அந்த இரண்டையும் தெரிந்துகொண்டு போனால் தப்பான ஜாக்கி வாங்க மாட்டீர்கள்.

தாழ்வான ஜாக்கி என்றால் என்ன? சாதாரண ட்ராலி ஜாக்கிக்கும் அதற்கும் என்ன வித்தியாசம்?

நான்கு சக்கரத்தில் உருண்டு, நீளமான கைப்பிடியால் அடித்து ஏற்றுகிற ஹைட்ராலிக் ஜாக்கியைத்தான் ட்ராலி ஜாக்கி என்கிறோம். காரைத் தொடுகிற வட்டமான தட்டு, முழுதாக இறக்கிய நிலையில் தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்பதில்தான் வித்தியாசம். சாதாரண ஜாக்கியில் அது 130 முதல் 140 மி.மீ. வரை இருக்கும். தாழ்வான வகையில் 75 முதல் 90 மி.மீ. நான்கைந்து சென்டிமீட்டர்தான் வித்தியாசம். ஆனால் ஜாக்கி காருக்கு அடியில் போவதும் போகாமல் முட்டி நிற்பதும் அந்த நான்கைந்து சென்டிமீட்டரில்தான் இருக்கிறது.

நம் ஊர்க் கார்கள் எல்லாம் உயரமாகத்தானே இருக்கின்றன? தாழ்வான ஜாக்கி ரேஸ் கார்களுக்குத்தானே?

இப்படித்தான் நானும் நினைத்தேன். ஸ்விஃப்ட்டுக்குத் தரை இடைவெளி 163 மி.மீ., ஹோண்டா சிட்டிக்கு 165 மி.மீ. என்று போட்டிருக்கிறார்கள். 135 மி.மீ. ஜாக்கி தாராளமாகப் போகும் என்றுதான் கணக்கு வரும். டயரில் காற்று இருக்கும்வரை அந்தக் கணக்கு சரி.

ஆனால் வீட்டில் அவசரமாக ஜாக்கி தேடுவது எப்போது? பெரும்பாலும் காலையில் வந்து பார்த்தால் டயர் தரையோடு தரையாக அமுங்கிக் கிடக்கும்போதுதான். 185/65 ஆர்15 டயரை எடுத்துக்கொள்ளுங்கள். 185-இல் 65 சதவிகிதம் என்றால் பக்கச்சுவரின் உயரம் சுமார் 120 மி.மீ. காற்று முழுதும் போனால் ரிம் அந்த ரப்பரை மடித்துக்கொண்டு கீழே உட்கார்ந்துவிடும். காரின் அந்த மூலை ஏழெட்டு சென்டிமீட்டர் இறங்கும். என் காரில் ஒருமுறை வேண்டுமென்றே காற்றை இறக்கி அளந்து பார்த்தேன். ஜாக்கி கொடுக்கிற இடம் காற்றோடு 185 மி.மீ. உயரத்தில் இருந்தது. காற்று போனதும் 110. அங்கே 135 மி.மீ. ஜாக்கியை எப்படி நுழைப்பது? காரோடு வருகிற கத்தரி ஜாக்கியை அவ்வளவு தட்டையாக மடிகிற மாதிரி செய்திருப்பதே இதற்காகத்தான்.

அதனால் என் பதில் இது: சின்னக் கார், செடான் எதுவானாலும் தாழ்வான ஜாக்கி வாங்குங்கள். நெக்ஸான், இன்னோவா, பொலேரோ மாதிரி உயரமான வண்டி மட்டும்தான் வீட்டில் இருக்கிறது என்றால் சாதாரண ட்ராலி ஜாக்கியே போதும்.

என் காருக்கு எவ்வளவு தாழ்வாக வேண்டும் என்று எப்படி அளப்பது?

அளவு நாடாவை எடுத்துக்கொண்டு காருக்குப் பக்கத்தில் உட்காருங்கள். கதவுக்குக் கீழே ஓரமாக ஓடுகிற தகட்டு மடிப்பில், முன் சக்கரத்துக்குப் பின்னாலும் பின் சக்கரத்துக்கு முன்னாலும் இரண்டிரண்டு வெட்டுக்குறிகள் இருக்கும். அந்தந்த ஜோடிக் குறிகளுக்கு நடுவில்தான் ஜாக்கி கொடுக்க வேண்டும். தரையிலிருந்து அந்த மடிப்பு வரை அளந்து, அதில் 80 மி.மீ. கழியுங்கள். பஞ்சர் ஆன நாளுக்கு உங்களுக்குக் கிடைக்கும் இடம் ஏறக்குறைய அவ்வளவுதான். ஜாக்கித் தட்டின் மேல் வைக்கிற ரப்பர் கட்டைக்கும் அதிலேயே இடம் வேண்டும்.

இன்னொரு அளவை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். முன் பம்பருக்கு அடியில் ஜாக்கியை நுழைத்து நடுவில் தூக்கப் போகிறீர்கள் என்றால், தட்டு மட்டும் தாழ்வாக இருந்தால் போதாது. பல ஜாக்கிகளில் தட்டு 85 மி.மீ.-இல் இருக்கும், ஆனால் பின்னால் போகப்போக இரும்புச் சட்டம் 150 மி.மீ.க்கு மேல் எழும்பி நிற்கும். அந்தச் சட்டம் பம்பரில் இடித்துவிடும். கடைக்கு நாடாவைக் கொண்டுபோய், தட்டிலிருந்து ஒன்றரை அடி பின்னால் வரை உயரத்தை அளந்து பாருங்கள். அட்டைப் பெட்டியில் அச்சடித்திருப்பதை மட்டும் நம்பி வாங்காதீர்கள்.

எத்தனை டன்?

ஸ்விஃப்ட் ஏறக்குறைய 900 கிலோ. முன்சக்கர இயக்க வண்டிகளில் எடையில் சுமார் 60 சதவிகிதம் முன்பக்கம் இருக்கும். முன்பக்கம் முழுவதையும் தூக்கினாலும் 550 கிலோ சுமைதான். இரண்டு டன் ஜாக்கியே அதிகம். இன்னோவா கிரிஸ்டா 1,800 கிலோ அளவில் வரும், அதன் முன்பக்கத்தையும் இரண்டு டன் தூக்கிவிடும்.

இருந்தும் இரண்டரை, மூன்று டன் ஜாக்கியைத்தான் நான் சிபாரிசு செய்கிறேன். அது அகலமாக இருக்கும், சக்கரங்கள் பெரிதாக இருக்கும், தூக்கும்போது பக்கவாட்டில் ஆடாது. இரும்பு ஜாக்கி என்றால் 30 கிலோவைத் தாண்டும். அதைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏற வேண்டிய வீடாக இருந்தால் மட்டும் இரண்டு டன் வாங்குங்கள்.

மேலே எவ்வளவு உயரம் தூக்க வேண்டும்?

தாழ்வான ஜாக்கி வாங்குகிறவர்கள் ஏமாறுவது இங்கேதான். விலை குறைந்த தாழ்வான ஜாக்கிகளில் சில 330, 350 மி.மீ.யோடு நின்றுவிடும். காரைத் தூக்கத் தொடங்கியதும் சக்கரம் உடனே தரையை விடாது. சஸ்பென்ஷன் ஸ்பிரிங் விரிந்து சக்கரம் கீழே தொங்கும். பத்து சென்டிமீட்டர் தூக்கிய பிறகுதான் டயர் தரையை விடத் தொடங்கும். 185-இல் இருந்த இடம் 285 ஆகிவிட்டது. காற்றடித்த ஸ்டெப்னியை மாட்ட இன்னும் கொஞ்சம் தூக்க வேண்டும். டயர் மாற்ற மட்டும் என்றால் 350 போதும்.

தூக்கிய காரைத் தாங்கி நிற்க அடியில் இரும்பு ஸ்டாண்டு வைக்க வேண்டும் என்றால் அது போதாது. மூன்று டன் ஸ்டாண்டுகளின் மிகக் குறைந்த உயரமே 270, 290 மி.மீ. வரை வரும். அதற்கு மேலே தூக்கினால்தான் ஸ்டாண்டை உள்ளே தள்ள முடியும். ஆயில் மாற்றப் படுத்துக்கொண்டு உள்ளே போக வேண்டும் என்றால் இன்னும் உயரம் தேவை. 450 மி.மீ.க்கு மேல் தூக்குகிற ஜாக்கியாகப் பாருங்கள்.

புதுச்சேரியில் எங்கள் வீட்டில் காருக்கு இரண்டு பக்கமும் இரண்டடிகூட இடம் இல்லை. என்ன செய்வது?

தாழ்வாரம் வைத்த பழைய வீடுகளில் கார் தெருவில்தான் நிற்கும். முத்தியால்பேட்டை, லாஸ்பேட்டை பக்கம் புதிதாகக் கட்டிய வீடுகளிலும் கார் ஷெட் காரைச் சட்டை போல ஒட்டித்தான் இருக்கிறது. தாழ்வான ஜாக்கி நீளமானது. உடம்பு மட்டும் இரண்டடிக்கு மேல், கைப்பிடி மூன்றடிக்கு மேல். பக்கவாட்டிலிருந்து கொடுத்தால் கைப்பிடியை அடிக்கவே இடம் இருக்காது.

உங்களுக்கு இரண்டு வழி. முன்னாலிருந்தோ பின்னாலிருந்தோ நடுவில் தூக்குவது ஒன்று. அதற்கு உங்கள் கார் கையேட்டில் நடு ஜாக்கி இடம் காட்டியிருக்க வேண்டும். இல்லையென்றால் காரை வெளியே எடுத்து, வாசலில் மட்டமான இடத்தில் வைத்து வேலை பாருங்கள். சிலர் கைப்பிடியின் மேல் பாதியைக் கழற்றிவிட்டுக் குட்டையாக அடிக்கிறார்கள். அப்படிச் செய்தால் பலம் அதிகம் வேண்டும், இறக்கும்போது காருக்கு மிக அருகில் கை இருக்கும். நான் அதைச் செய்வதில்லை.

பேவர் பிளாக், பார்க்கிங் டைல்ஸ் தரையில் வைக்கலாமா?

இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் எனக்கு ஆபத்து வந்தது இந்த இடத்தில்தான்.

ட்ராலி ஜாக்கியின் கை நேராக மேலே போவதில்லை. ஒரு வில் போல வளைந்து போகிறது. தட்டு மேலே ஏற ஏற முன்பின் நகர்கிறது. கார் ஹேண்ட் பிரேக்கில் நிற்பதால் அது நகராது, அதனால் ஜாக்கிதான் தன் சக்கரங்களில் உருண்டு ஈடுகட்ட வேண்டும். வழவழப்பான சிமெண்ட் தரையில் இது நடப்பதே நமக்குத் தெரியாது. பேவர் பிளாக்கின் இடைவெளியில் ஜாக்கியின் சின்ன முன்சக்கரம் மாட்டிக்கொண்டால் ஜாக்கி நகர முடியாது. அப்போது தட்டு காரின் மடிப்பிலிருந்து வழுக்கத் தொடங்கும்.

எங்கள் போர்டிகோவில் முன்பு பேவர் பிளாக் இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பின் சக்கரத்தைத் தூக்கியபோது 'டக்' என்று ஒரு சத்தம். தட்டு இரண்டு விரற்கடை சறுக்கி மடிப்பின் ஓரத்தில் நின்றது. நல்லவேளை, கழற்றிய ஸ்டெப்னியைக் காருக்கு அடியில் படுக்கப் போட்டிருந்தேன். மெதுவாக இறக்கிவிட்டு அன்றைக்கு வேலையையே நிறுத்திவிட்டேன். கை கொஞ்ச நேரம் நடுங்கிக்கொண்டே இருந்தது.

அந்தத் தரைக்கு வழி, ஜாக்கியின் எல்லாச் சக்கரமும் உருள்கிற அளவுக்கு ஒரு பலகையோ தகடோ போடுவது. 18 மி.மீ. பிளைவுட் நன்றாகத் தாங்கும். ஆனால் உங்கள் 85 மி.மீ. ஜாக்கி இப்போது 103 மி.மீ. ஆகிவிட்டது என்பதை மறக்காதீர்கள். 6 மி.மீ. இரும்புத் தகடு போட்டால் உயரம் அவ்வளவு ஏறாது. பழைய இரும்புக் கடையில் எடைக்கு வாங்கலாம். பார்க்கிங் டைல்ஸ் என்றால் அடியில் பொள்ளலாக இருக்கிற டைல் ஜாக்கி சக்கரத்தின் ஒரே புள்ளியில் சுமை ஏறும்போது உடையும். காசால் தட்டிப் பாருங்கள், சத்தம் மாறுகிற இடத்தைத் தவிருங்கள். மண் தரையிலும் வெயிலில் இளகிய தார் ரோட்டிலும் ட்ராலி ஜாக்கியே வேண்டாம்.

அலுமினியமா, இரும்பா? கடற்கரை ஊர் என்பதால் கேட்கிறேன்.

தேவனாம்பட்டினத்திலிருந்து வீசுகிற உப்புக்காற்று எங்கள் தெரு வரை வருகிறது. ஜன்னல் கம்பியை வருடத்துக்கு ஒருமுறை பெயிண்ட் அடிக்க வைக்கிற காற்று ஜாக்கியை மட்டும் விடுமா? அலுமினிய ஜாக்கி எடை குறைவு, உடம்பு துருப்பிடிக்காது. ஆனால் அதற்குள்ளும் ஊசி, போல்ட், ராம் எல்லாம் இரும்புதான். அலுமினியமும் இரும்பும் ஒட்டுகிற இடத்தில் உப்பு ஈரம் பட்டால் வெள்ளைப் பொடி பூத்து இறுகிவிடும். விலையும் அதிகம். வீட்டிலேயே ஓரமாக நிற்கப் போகிற ஜாக்கிக்கு இரும்பே போதும் என்பது என் கருத்து. அடிக்கடி காரில் ஏற்றிக்கொண்டு போகிறவர்கள் அலுமினியம் வாங்கட்டும்.

எதை வாங்கினாலும் வேலை முடிந்ததும் ஜாக்கியின் கையை முழுதாக இறக்கி வையுங்கள். ராம் என்கிற பளபளப்பான தண்டு அப்போது உள்ளே எண்ணெயில் இருக்கும். வெளியே நீட்டிக்கொண்டு நின்றால் அதன் மேல் உப்பு பட்டுப் புள்ளிபுள்ளியாகத் துரு அரிக்கும், அந்தச் சொரசொரப்பு ஒவ்வொரு முறையும் எண்ணெயை அடைத்து நிற்கிற ரப்பர் வளையத்தை (சீல்) உரசிக் கிழிக்கும். மூட்டுகளுக்கு மாதம் ஒருமுறை கிரீஸ் வையுங்கள்.

நல்ல ஜாக்கி இருக்கும்போது ஸ்டாண்டு எதற்கு?

டயரை மட்டும் மாற்றினால், காருக்கு அடியில் உடம்பின் எந்தப் பாகமும் போகாது என்றால், ஜாக்கி போதும். தலையோ தோளோ கையோ உள்ளே போகிறது என்றால் ஸ்டாண்டு கட்டாயம். இதில் நான் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை.

ஜாக்கியைத் தாங்கிப் பிடிப்பது ஒரு ரப்பர் வளையத்துக்குப் பின்னால் அடைபட்ட எண்ணெய். பாஸ்கல் சொன்ன விதிப்படி சின்ன பிஸ்டனில் நாம் கொடுக்கிற அழுத்தம் பெரிய பிஸ்டனில் பல மடங்கு விசையாக மாறுகிறது, அதனால்தான் ஒற்றைக் கையால் காரைத் தூக்க முடிகிறது. அந்த வளையத்தில் ஒரு கீறல் விழுந்தாலும், வால்வில் ஒரு மணல் துகள் மாட்டினாலும் கார் இறங்கத் தொடங்கும். ஸ்டாண்டில் எண்ணெய் கிடையாது, இரும்பின் மேல் இரும்பு நிற்கிறது.

ஸ்டாண்டில் பல் வைத்துப் பூட்டுகிற வகை ஒன்று, துளையில் ஊசி சொருகுகிற வகை ஒன்று. அமெரிக்காவில் 2020-இல் ஹார்பர் ஃப்ரைட் கடைகளில் விற்ற பிட்ஸ்பர்க் 3 டன், 6 டன் ஸ்டாண்டுகளைத் திரும்பப் பெற்றார்கள். பல்லில் பூட்டு சரியாக உட்காராமல் விழக்கூடும் என்பதுதான் காரணம். எனக்கு ஊசி வகைதான் பிடிக்கும். ஊசி உள்ளே போயிருக்கிறதா என்று கண்ணாலேயே பார்த்துவிடலாம். ஜாக்கிக்கு ஒதுக்கிய பணத்தில் கொஞ்சத்தைக் குறைத்தாவது ஒரு ஜோடி ஸ்டாண்டு சேர்த்து வாங்குங்கள். செங்கல், ஹாலோ பிளாக் வைத்து முட்டுக் கொடுக்கவே கூடாது. அவை முன்னறிவிப்பில்லாமல் நொறுங்கும்.

தகட்டு மடிப்பு வளைந்துபோகிறதே?

ஜாக்கியின் தட்டு வட்டமாகவும் பல்லாகவும் இருக்கும். காரின் மடிப்பு மெல்லிய இரண்டு தகடுகளை ஒட்டிய விளிம்பு. நேராக வைத்தால் வளையும், பெயிண்ட் உரியும், அங்கிருந்து துரு தொடங்கும். நடுவில் பள்ளம் வெட்டிய ரப்பர் கட்டையைத் தட்டின் மேல் வையுங்கள். மடிப்பு பள்ளத்தில் இறங்கிவிடும், சுமை இரண்டு பக்கத் தகட்டிலும் உட்காரும். கடையில் கிடைக்காவிட்டால் கெட்டியான ரப்பரில் நீங்களே வெட்டிக்கொள்ளலாம். கம்பி உள்ளே ஓடுகிற ரேடியல் டயர்த் துண்டு மட்டும் வேண்டாம்.

மின்சாரக் கார் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அடித்தளம் முழுக்க பேட்டரிப் பெட்டிதான். கையேட்டில் காட்டிய புள்ளிகளைத் தவிர வேறு எங்கும் தட்டை வைக்காதீர்கள்.

தூக்கும் முன் என்னென்ன செய்ய வேண்டும்?

சக்கர நட்டுகளை வண்டி தரையில் இருக்கும்போதே கால் சுற்று தளர்த்துங்கள். ஹேண்ட் பிரேக் போட்டு, கியரில் விட்டு, தூக்காத பக்கத்துச் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை போடுங்கள். நம் கார்களில் ஹேண்ட் பிரேக் பெரும்பாலும் பின் சக்கரங்களைத்தான் பிடிக்கும். பின்பக்கத்தைத் தூக்கிவிட்டால் அந்தப் பிடி போய்விடும், அப்போது முன் சக்கரக் கட்டையும் கியரும்தான் காரை நிறுத்தும். இதைத் தெரியாமல்தான் பலர் சறுக்கவிடுகிறார்கள்.

இரட்டை பம்ப் தேவையா?

வசதிதான். கைப்பிடியை நான்கைந்து முறை அடித்தாலே தட்டு காரைத் தொடும்வரை ஏறிவிடும். கட்டாயம் இல்லை. அதைவிட இறக்கும் வால்வைக் கவனியுங்கள். கைப்பிடியைக் கொஞ்சமாகத் திருப்பினால் கொஞ்சமாக இறங்க வேண்டும். விலை குறைந்தவற்றில் கால் சுற்றுக்கே தொபுக்கென்று விழும். முடிந்தால் கடை வாசலில் உங்கள் காரையே தூக்கி இறக்கிப் பார்த்து வாங்குங்கள்.

அடித்தால் பஞ்சு மாதிரி இருக்கிறது, முழுதாக ஏறவில்லை. ஜாக்கி போய்விட்டதா?

பெரும்பாலும் உள்ளே காற்று மாட்டியிருக்கும். புது ஜாக்கியிலும் வண்டியில் வரும்போதே இது நடக்கும். சுமை எதுவும் இல்லாமல் இறக்கும் வால்வைத் திறந்துவைத்துப் பத்துப் பதினைந்து முறை வேகமாக அடியுங்கள். கையை முழுதாக இறக்கி, எண்ணெய் மூடியைத் திறந்து காற்றை விட்டு மூடுங்கள். சரியாகும்.

எண்ணெய் குறைந்திருந்தால் ஹைட்ராலிக் ஆயில் மட்டும் ஊற்றுங்கள். ஐ.எஸ்.ஓ. 32 என்று போட்டது பெரும்பாலான ஜாக்கிகளுக்குச் சரிவரும், கையேட்டில் வேறு எண் இருந்தால் அதை வாங்குங்கள். பிரேக் ஆயில் ஊற்றினால் சீல்கள் உப்பிக் கெட்டுவிடும். அளவு பார்ப்பதும் கை இறங்கிய நிலையில்தான்.

வெள்ளத்தில் மூழ்கிய ஜாக்கியைப் பயன்படுத்தலாமா?

2011 டிசம்பர் 30-இல் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் கரையேறியதை நாம் யாரும் மறக்க மாட்டோம். 2024 நவம்பர் 30-இல் ஃபெஞ்சல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. அடுத்த நாட்களில் சாத்தனூர் அணையில் திறந்த தண்ணீர் தென்பெண்ணையில் வந்து இங்கே ஊர்களுக்குள் புகுந்தது. அப்போது நிறைய வீடுகளில் கருவிகள் சேற்றில் கிடந்தன.

மூழ்கிய ஜாக்கியை அப்படியே எடுத்துத் தூக்காதீர்கள். மூடியைத் திறந்து எண்ணெயைக் கண்ணாடிப் பாட்டிலில் வடித்துப் பாருங்கள். பால் கலந்த டீ மாதிரி இருந்தால் தண்ணீர் போயிருக்கிறது. முழுதாக வடித்து, புது எண்ணெய் ஊற்றி, காற்று எடுத்து, அதையும் வடித்து, இன்னொரு முறை புதிதாக ஊற்றுங்கள். அதற்குப் பிறகும் சுமையோடு நிற்காமல் இறங்கினால் சீல் மாற்ற வேண்டும். ஐப்பசி, கார்த்திகை வருவதற்கு முன்னாலேயே ஜாக்கியைத் திண்ணை உயரத்துக்கு ஏற்றி வைத்துவிடுவது என் வழக்கம்.

பழைய ஜாக்கி வாங்கலாமா?

புதுச்சேரி காந்தி வீதி ஞாயிறு சந்தையிலோ பழைய இரும்புக் கடையிலோ கண்ணில் பட்டால் ஆசை வரத்தான் செய்யும். ராமைக் கையால் தடவிப் பாருங்கள். நகத்தில் சொரசொரப்பு தட்டினால் விட்டுவிடுங்கள். சக்கரம் நான்கும் உருள்கிறதா, தட்டு ஆடுகிறதா, சட்டத்தில் வெல்டிங் வைத்த தழும்பு இருக்கிறதா என்று பாருங்கள். வெல்டிங் இருந்தால் விலை எவ்வளவு குறைத்தாலும் வேண்டாம். பிறகு காரின் ஒரு மூலையைச் சக்கரம் தரையை விடும்வரை தூக்கி, தட்டின் உயரத்தை நாடாவில் அளந்துகொண்டு, பக்கத்துக் கடையில் ஒரு டீ குடித்துவிட்டு வாருங்கள். பத்து நிமிடம் கழித்து அளக்கும்போது அதே உயரம் இருந்தால் வாங்கலாம். ஒரு மில்லிமீட்டர் இரண்டு மில்லிமீட்டர் என்று இறங்கியிருந்தால், புது சீல் செட் அந்த மாடலுக்குக் கிடைக்கிறதா என்று முதலில் விசாரித்துவிட்டு விலை பேசுங்கள்.